வேண்டாத சாமான்களை எங்கே கொடுப்பது? குமரி மாவட்டத்திற்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் புதிதாகக் குடியேறுகிறவர்களும், வெளிநாட்டிலோ வெளியூரிலோ பல ஆண்டுகள் இருந்துவிட்டுப் பூட்டிக் கிடந்த குடும்ப வீட்டைத் திறக்க வருகிறவர்களும், பழைய கடையை வாடகைக்கு எடுத்துப் புதுத் தொழில் தொடங்குகிறவர்களும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, இத்தனை சாமான்களையும் எங்கே கொண்டு போடுவது என்பதுதான். பெரிய மாவட்டங்களில் இதற்கு ‘ஊருக்கு வெளியே’ என்று ஒரு பதில் கிடைக்கலாம். அங்கேயும் அது சரியான பதில் அன்று. இங்கே அப்படி ஓர் இடமே கிடையாது. சுமார் 1,672 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 18.7 லட்சம் பேர் வசித்தனர். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கும் மேல். வீட்டைச் சுற்றி விளை என்கிற தோட்டம், விளைக்கு அப்பால் வயல் அல்லது குளம், குளத்தங்கரையைத் தாண்டினால் அடுத்த ஊர் என்று நிலம் தொடர்ந்து கிடப்பதால், நீங்கள் தூக்கி எறிகிற எதுவும் இன்னொருவர் வாசலிலோ தண்ணீரிலோதான் போய்ச் சேரும். நாகர்கோவில் நகரத்தின் குப்பை நெடுங்காலம் கொட்டப்பட்டுவந்த வலம்புரிவிளைக் கிடங்கு பலமுறை தீப்பிடித்துப் புகைந்ததும், அந்தப் புகையைச் சுற்றியுள்ள தெருக்காரர்கள் சுவாசிக்க நேர்ந்ததும் இந்த நெருக்கத்தின் விளைவுதான்.

ஆகவே இந்த வழிகாட்டி ஒரே ஒரு விதியின் மேல் நிற்கிறது: ஒரு பொருள் உங்கள் கையைவிட்டுப் போகும் முன், அது எங்கே போய் முடியும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; பதில் கிடைக்காத கையில் அதைக் கொடுக்காதீர்கள்.

முதல் படி: உங்கள் உள்ளாட்சி எது என்று அறிதல்

ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால், சாலையின் ஒரு பக்கம் பேரூராட்சியாகவும் மறுபக்கம் ஊராட்சியாகவும் இருப்பது இங்கே சாதாரணம். நாகர்கோவில் 2019 முதல் மாநகராட்சி. பத்மநாபபுரம், குழித்துறை, குளச்சல், கொல்லங்கோடு போன்றவை நகராட்சிகள். இவை போக, தமிழ்நாட்டில் பேரூராட்சிகள் மிக அதிகமாக உள்ள மாவட்டங்களில் இதுவும் ஒன்று. உங்கள் வீடு எதற்குள் வருகிறது என்பதை வீட்டு வரி ரசீது சொல்லிவிடும். வாடகைக்கு வந்தவர்கள் வீட்டு உரிமையாளரிடம் கேட்டு அந்த ரசீதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மாநகராட்சியிலும் நகராட்சியிலும் சுகாதார ஆய்வாளரையும், பேரூராட்சியில் செயல் அலுவலர் அலுவலகத்தையும், ஊராட்சியில் ஊராட்சிச் செயலரையும் அணுக வேண்டும். குப்பை வண்டி எந்த நேரத்தில் வரும், மக்காத குப்பையை எந்த நாளில் எடுக்கிறார்கள், கட்டில், மெத்தை போன்ற பெரிய சாமான்களை எடுப்பார்களா, எடுப்பதானால் கட்டணம் உண்டா, டியூப்லைட், பேட்டரி போன்றவற்றை எங்கே ஒப்படைப்பது, மக்கும் குப்பையை உரமாக்கும் நுண் உர மையமோ, மற்றதைப் பிரித்தெடுக்கும் வளம் மீட்புப் பூங்காவோ அருகில் எது என்று ஒரே சந்திப்பில் கேட்டுவிடலாம். உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் இதே கேள்விகளைக் கேட்டால், அலுவலகத்தில் கிடைப்பதைவிடத் துல்லியமான பதில் கிடைப்பதும் உண்டு. எந்த நாளில் எந்த வண்டி உண்மையில் வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் படி: வண்டி பேசும் முன் பட்டியல் எழுதுதல்

பலரும் முதல் நாளே ‘குட்டி யானை’ எனப்படும் ஒரு சிறு சரக்கு வண்டியைப் பேசி, வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அள்ளி ஏற்றிவிடுகிறார்கள். செலவும் கூடும், விற்கக்கூடியதும் வீணாகும், ஆபத்தானது நல்லதோடு கலந்துவிடும். மாறாக, அறை அறையாகச் சென்று, பிறருக்குப் பயன்படுபவை, விலைக்குப் போகிறவை, மக்குபவை, ஆபத்தானவை, இவை எதிலும் சேராமல் மிஞ்சுபவை என்று ஐந்து தலைப்புகளில் எழுதுங்கள். முறையாகப் பிரித்த வீட்டில் கடைசித் தலைப்பின் கீழ் வருபவை சில சாக்குகளுக்கு மேல் இருக்காது.

பழைய குடும்ப வீடுகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. தகரப் பெட்டியிலும் மச்சிலும் கிடக்கும் பழுப்பேறிய தாள்களை எடைக்குப் போடாதீர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இந்த நிலப்பகுதி திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியின் கீழ் இருந்ததால், அக்கால நில ஆவணங்கள் பலவும் மலையாளத்தில் எழுதப்பட்டவை. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் அவற்றைப் பழைய காகிதம் என்று நினைத்து விற்றுவிட்டால், பின்னாளில் பாகப்பிரிவினையின் போதோ எல்லைத் தகராறின் போதோ அவற்றுக்காக அலைய நேரிடும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரை உட்காரவைத்து, தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிப்பதே சரி.

அதேபோல, நெல் சேமிக்கும் பத்தாயம், உரல், ஆட்டுக்கல், வெண்கல உருளி, செம்பு அண்டா ஆகியவற்றைப் பழைய இரும்போடு சேர்த்து விலை பேச வேண்டாம். முதலில் உறவினர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் உலோகப் பாத்திரங்களைப் பாத்திரக் கடையில் எடைக்கு மாற்றலாம். தேக்கு, அயினி, பலா மரங்களில் செய்த கதவு, நிலை, உத்தரம் ஆகியவற்றுக்கும், உடையாத ஓடுகளுக்கும் தனிச் சந்தை உண்டு. பழைய வீடுகளைப் பிரித்து மரம் விற்கிறவர்களை அழைத்துத் தனியாக விலை கேட்டால், அகற்றும் கூலியில் கணிசமான பகுதி அதிலேயே ஈடாகிவிடும்.

பழைய துணிதான் கொடுப்பதற்குக் கடினமானது. நல்ல நிலையில் உள்ளதைத் துவைத்து மடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். கிழிந்த பருத்தித் துணியை வாகனப் பட்டறைகள் கை துடைக்க எடுத்துக்கொள்ளும். மற்றது மிஞ்சும் கணக்கில்தான் சேரும்.

மூன்றாம் படி: அன்றாடக் குப்பையை நான்காகப் பிரித்தல்

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: சமையலறை மிச்சம் போன்ற ஈரக் கழிவு, தாள், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி போன்ற உலர் கழிவு, குழந்தைகளுக்கான டயப்பர், சானிட்டரி நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, பல்பு, மருந்து, பெயின்ட் டப்பா போன்ற தனிக் கவனம் தேவைப்படும் கழிவு. வீட்டில் நான்கு பெரிய தொட்டிகள் வேண்டும் என்பதில்லை. ஈரத்துக்கு மூடியுள்ள ஒரு வாளி, உலர்ந்ததற்கு ஒரு சாக்கு, மற்ற இரண்டுக்கும் அலமாரி மூலையில் இரண்டு அட்டைப்பெட்டிகள் போதும்.

உலர் கழிவில் செய்ய வேண்டிய ஒரே வேலை, பால் கவரையும் எண்ணெய்ப் பொட்டலத்தையும் தண்ணீரில் அலசிக் காயவைப்பது. அழுக்கான கவரை யாரும் மறுசுழற்சிக்கு எடுப்பதில்லை. அலசிய கவர் விலைக்கே போகும். சுகாதாரக் கழிவைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு குறி இட்டுக் கொடுங்கள். அதைப் பிரித்துப் பார்க்கிற நிலை தூய்மைப் பணியாளருக்கு வரக் கூடாது. உடைந்த கண்ணாடிக்கும் இதே முறைதான். தாளில் சுற்றி, அட்டையில் வைத்துக் கட்டி, கண்ணாடி என்று எழுதிவிடுங்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் வீட்டில் கெட்டியான பிளாஸ்டிக் குப்பி ஒன்றை வைத்து, ஊசிகளை அதற்குள் போட்டு, முக்கால் பங்கு நிரம்பியதும் மூடியை இறுக்கி ஒட்டித் தனியாக ஒப்படைக்க வேண்டும்.

நான்காம் படி: விளையிலேயே முடிந்துபோக வேண்டியவை

மாநகரங்களில் அடுக்குமாடியில் இருந்து வருகிறவர்களுக்கு இந்த மாவட்டம் தரும் பெரிய வசதி, வீட்டைச் சுற்றியுள்ள மண். ஐந்து சென்டு விளை இருந்தால்கூட உங்கள் வீட்டின் மக்கும் குப்பையில் ஒரு பிடியும் வெளியே போகத் தேவையில்லை. ஆனால் தென்னை நிற்கும் விளையில் உரக்குழி போடுவதற்கென்று சில நுணுக்கங்கள் உண்டு. பொதுவான வழிகாட்டிகளில் அவை இருப்பதில்லை.

குழியை வீட்டுக் கிணற்றிலிருந்து இயன்ற அளவு தள்ளி, மழைநீர் தேங்காத மேட்டில் அமையுங்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் ஊர் இது. குழிக்குமேல் ஓலையோ தகரமோ இல்லாவிட்டால் ஜூனிலும் அக்டோபரிலும் உரம் சகதியாகி நாற்றமெடுக்கும். சமையலறை ஈரக் கழிவு ஒரு பங்கு என்றால், காய்ந்த சருகு, கயிற்று ஆலைகளில் கிடைக்கும் தென்னை நார்க்கழிவு ஆகியவை இரண்டு பங்கு இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு, மூன்று மாதங்களில் கறுத்த, மண்வாசனையுள்ள உரம் கிடைக்கும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். சருகைச் சேர்த்துக் கிளறுங்கள்.

கிளறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்னங்குருத்தைத் துளைத்துத் தின்னும் காண்டாமிருக வண்டு, மக்கிக்கொண்டிருக்கும் உரக்குழியிலும் சாணக்குவியலிலும் அழுகும் தென்னந்தடியிலும்தான் முட்டையிட்டுப் பெருகுகிறது. கிளறும்போது தடித்து வளைந்த வெள்ளைப் புழுக்கள் தென்பட்டால் பொறுக்கி அழித்துவிட வேண்டும். உரக்குழி வைத்த பிறகு மரம் பட்டுப்போயிற்று என்று சிலர் குறைசொல்வதைக் கேட்கலாம். அங்கே கிளறாமல் விட்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். வெட்டிச் சாய்த்த தென்னந்தடியையும் அப்படியே விளையில் அழுகவிடாமல் அறுத்து அப்புறப்படுத்துவது இதனால்தான்.

தேங்காயை உரித்த மட்டையான கதம்பலைக் குப்பையாக நினைக்கவே வேண்டாம். தென்னையிலிருந்து சுமார் 3 மீட்டர் தள்ளி நீண்ட குழி எடுத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண்ணிட்டு மூடினால், அவை பல ஆண்டுகள் மழைநீரைப் பிடித்துவைத்து வேருக்குக் கொடுக்கும். காய்ந்த தென்னம்பாளையான கொதும்பும் ஓலை மட்டையும் விறகடுப்புள்ள வீடுகளுக்கு இன்றும் வேண்டும். கொட்டாங்கச்சி எனப்படும் சிரட்டையைக் கரி சுடுகிறவர்கள் விலைக்கு எடுப்பார்கள். அதுவரை அதைக் கவிழ்த்தே வையுங்கள், அல்லது கூரையடியில் சாக்கில் கட்டி வையுங்கள். மல்லாந்து கிடக்கும் சிரட்டையில் தேங்கும் சிறிதளவு மழைநீரிலேயே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும். குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டக்காரர்களுக்குப் பால் பிடிக்கும் கிண்ணங்கள் விஷயத்தில் இது நன்றாகவே தெரியும்: பால் வெட்டாத காலத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்துவைக்கச் சுகாதாரத் துறையினர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாலையில் விளையைக் கூட்டிச் சருகுக்குத் தீவைத்து, சாம்பலைத் தென்னை மூட்டில் போடுவது இந்தப் பக்கத்தில் பல தலைமுறைகளின் வழக்கம். அன்றைய குவியலில் இலையும் ஓலையும் மட்டுமே இருந்தன. இன்றைய குவியலில் மிட்டாய்க் காகிதம், பால் கவர், செருப்பு, மின்கம்பி உறை எல்லாம் கலந்திருக்கின்றன. பிவிசி கலந்த பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில் எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுகள் உண்டாகிச் சாம்பலிலும் தங்குகின்றன. திறந்தவெளியில் குப்பையை எரிப்பது விதிகளின்படியும் தடைசெய்யப்பட்டது. சருகுக்கு உரக்குழி இருக்கிறது. பிளாஸ்டிக்குக்கு வண்டி வருகிறது. தீக்கு இதில் வேலை இல்லை.

பழைய கிணறும் அப்படித்தான். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு பயன்படாமல் போன கிணற்றில் இடிபாட்டையும் பழைய சாமான்களையும் கொட்டி நிரப்ப நினைக்கிறவர்கள் உண்டு. நிலத்தடியில் உங்கள் கிணறும் அடுத்த வீட்டுக் கிணறும் ஒரே நீரோட்டத்தில்தான் இருக்கும். கிணற்றை மூட வேண்டுமானால் சுத்தமான மண்ணால் மூடுங்கள். மூடாமல் மழைநீரை வடிகட்டி உள்ளே விடுவது அதைவிட நல்லது.

ஐந்தாம் படி: ஆக்கர் கடைக்குப் போகிறவை

பழைய இரும்பு, அலுமினியம், செம்பு, செய்தித்தாள், அட்டைப்பெட்டி, கெட்டிப் பிளாஸ்டிக், பாட்டில் ஆகியவற்றை எடுக்கும் கடையை இங்கே ஆக்கர் கடை என்பார்கள். சைக்கிளிலோ சிறு வண்டியிலோ தெருவில் குரல் கொடுத்து வருகிறவர்களும் அந்தக் கடைகளுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அளவு அதிகமானால் நேரடியாகக் கடைக்குக் கொண்டுபோவதும், உலோகங்களைக் கலக்காமல் வகைவகையாகப் பிரித்து எடைபோடச் சொல்வதும் லாபம். செம்பையும் பித்தளையையும் இரும்போடு சேர்த்துக் கொடுத்தால் இரும்பு விலைதான் கிடைக்கும்.

தெர்மோகோல், சிப்ஸ் பொட்டலம் போன்ற பல அடுக்கு உறை, உடைந்த கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றை அவர்கள் எடுக்க மாட்டார்கள். இவை உள்ளாட்சியின் உலர் கழிவு வண்டிக்குரியவை. குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற மீன்பிடித் துறைகளில் தொழில் செய்கிறவர்கள் கிழிந்த நைலான் வலையைக் கடலிலோ கரையிலோ விடாமல், வலை எடுக்கும் வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். கடலில் போன வலை மக்குவதில்லை. யாரும் இழுக்காமலேயே அது மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆறாம் படி: மின்சாதனமும் ஆபத்தானவையும்

பழைய தொலைக்காட்சி, கணினி, குளிர்பெட்டி, கைபேசி ஆகியவற்றை ஆக்கர் கடைக்காரர் வாங்கத்தான் செய்வார். ஆனால் அவற்றிலிருந்து செம்பை எடுக்கக் கம்பியை எரிப்பதும், மற்றதைக் கால்வாயோரம் எறிவதும் நடக்கிறது. படக்குழாய் உள்ள பழைய தொலைக்காட்சியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய குளிர்பெட்டியின் வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கும். புதிய வகைகள் சிலவற்றின் வாயு தீப்பற்றக்கூடியது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், தாம் விற்ற பொருள்களின் கழிவு முறையாக மறுசுழற்சி செய்யப்படுவதற்குத் தயாரிப்பாளர்களையே பொறுப்பாக்குகின்றன. எனவே புதிய சாதனம் வாங்கும்போது பழையதை மாற்றாகக் கொடுப்பதுதான் சாதாரண வீட்டுக்காரருக்கு எளிய வழி. அது இயலாதபோது, நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் பழைய பொருள் சேகரிப்பு மையம் எங்கே என்று கேளுங்கள். கடைகளும் அலுவலகங்களும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். கைபேசி, கணினி எதையும் கொடுக்கும் முன் உள்ளே இருப்பவற்றை முழுவதும் அழித்து, நினைவக அட்டையையும் சிம்மையும் எடுத்துவிடுங்கள். குளிர்பெட்டியை வெளியே வைக்க வேண்டி வந்தால் கதவைக் கழற்றிவிட்டு வையுங்கள். விளையாடும் குழந்தைகள் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இன்வெர்ட்டர், வாகன பேட்டரிகளில் ஈயமும் அமிலமும் உள்ளன. அவற்றைத் திறந்து அமிலத்தைக் கொட்டாமல், புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையிலும் கழித்துத் தருவார்கள். கைபேசியிலும் பவர் பேங்கிலும் உள்ள லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். குப்பை வண்டியில் தீ எழுவதற்கு இது போதும். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டித் தனியாகக் கொடுங்கள். டியூப்லைட்டிலும் சிஎஃப்எல் பல்பிலும் பாதரசம் இருப்பதால் உடைக்காமல், வந்த அட்டை உறையிலேயே வைத்து ஒப்படைக்க வேண்டும். காலாவதியான மாத்திரைகளை அட்டையோடு, பெயரைக் கிழித்துவிட்டு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவுக்கான பெட்டியில் சேர்க்கலாம். குளத்திலோ உரக்குழியிலோ போடக் கூடாது. பூச்சிமருந்துக் குப்பியை மூன்றுமுறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிட்டு, குப்பியைத் துளையிட்டு அதே பெட்டியில் சேர்த்து ஒப்படையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ பிடித்துவைக்க வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய மாட்டுத் தொழுவம், விறகுப்புரை, பின்கட்டு என்று பல வீடுகளில் அது இருக்கிறது. உடைக்கும்போது பறக்கும் கண்ணுக்குத் தெரியாத நார், நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. தகட்டைத் தண்ணீரால் நன்றாக நனைத்து, ஆணிகளைக் கழற்றி, சுத்தியலோ அறுவை இயந்திரமோ படாமல் முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அபாயக் கழிவு என்று சொல்லியே உள்ளாட்சியிடம் வழி கேளுங்கள். உடைத்துப் பள்ளத்தில் நிரப்பலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் நிச்சயமாக இருப்பார்கள். கேட்காதீர்கள்.

ஏழாம் படி: வண்டிக்காரரிடம் கேட்க வேண்டியவை

மெத்தை, உடைந்த சோபா, ஒட்டுப்பலகை அலமாரி, சுவர் இடித்த கல், காரை போன்றவை மிஞ்சும்போதுதான் வாடகை வண்டி தேவைப்படுகிறது. தேங்காய் நாரும் இலவம்பஞ்சும் அடைத்த பழைய மெத்தையைப் பிரித்தால் நாரும் பஞ்சும் விளைக்கோ மறுபயனுக்கோ போகும்; ஃபோம் மெத்தைக்குத்தான் வழி குறைவு. இடிபாட்டை வேறெதோடும் கலக்காமல் வைத்தால், பாதை நிரவவோ அடித்தளம் நிரப்பவோ அருகிலேயே ஆள் கிடைப்பார்கள். அதில் மரத்துண்டும் பிளாஸ்டிக்கும் கலந்துவிட்டால் அது வெறும் குப்பைதான்.

வண்டி பேசும்போது, இதை எங்கே கொண்டுபோய் இறக்குவீர்கள், அந்த இடத்துக்குரியவர் அல்லது உள்ளாட்சி சம்மதித்திருக்கிறார்களா, இறக்கியதற்குப் படமோ ரசீதோ தருவீர்களா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்’ என்பது பதில் ஆகாது. மற்றவர்களைவிடப் பாதி வாடகை கேட்கிறவர், எங்காவது ஓடையோரத்தில் கவிழ்த்துவிட்டுப் போவதற்கே வாய்ப்பு அதிகம். களியக்காவிளை வழியாகக் கேரளத்திலிருந்து கழிவு ஏற்றி வரும் வண்டிகள் பிடிபடுவது இந்த மாவட்டத்தில் அடிக்கடி வரும் செய்தி. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டபோது, குவியலுக்குள் கிடந்த தாள்களே அவை எங்கிருந்து வந்தவை என்பதைக் காட்டிக்கொடுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளமே அவற்றைத் திரும்ப அள்ளிச் செல்ல வேண்டியதாயிற்று. உங்கள் சாக்கில் உங்கள் முகவரி உள்ள ஒரு கடிதம் போதும், கேள்வி உங்களிடம் வரும். அடுத்த மாநிலத்தாரைக் குறைசொல்கிற நாம், நம் வீட்டு மெத்தையைப் பழையாற்றங்கரையில் இறக்கும் வண்டிக்குப் பணம் கொடுப்பது எந்த நியாயத்திலும் சேராது. சுசீந்திரம்-தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூர் நீர்நிலைகளும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. அவற்றுக்குத் தண்ணீர் வரும் ஓடைகள் பல, ஊர்களுக்கு நடுவேதான் ஓடுகின்றன.

எட்டாம் படி: கடையும் தொழிலும் நடத்துகிறவர்களுக்கு

மேலே சொன்னவை எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். கூடுதலாகச் சில கடமைகள் உண்டு. நாள் ஒன்றுக்கு 100 கிலோவும் அதற்கு மேலும் கழிவு உண்டாக்குகிறவர்கள் விதிகளின்படி பெருமளவு கழிவு உருவாக்குவோர். அவர்களே தம் ஈரக் கழிவைக் கையாள ஏற்பாடு செய்ய வேண்டும். கன்னியாகுமரியின் பெரிய தங்கும் விடுதிகளும் திருமண மண்டபங்களும் பருவகாலத்தில் இந்த அளவை எளிதாகத் தொட்டுவிடும். மண்டபக்காரர்கள் இலையையும் உணவு மிச்சத்தையும் தண்ணீர்ப் பாட்டிலோடு ஒரே சாக்கில் அள்ளவிடாமல், பந்தி முடிந்ததும் இலை எடுப்பவர்களிடம் இரண்டு தொட்டிகளைக் கொடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. பிளாஸ்டிக் தாள் ஒட்டிய இலை, பிளாஸ்டிக் கோப்பை, கைப்பை உள்ளிட்ட 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதையும், கைப்பை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அந்தத் தடைக்குள் வரும் என்பதையும் புதிதாகக் கடை திறப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

உணவகமும் நேந்திரங்காய்ச் சிப்ஸ் போடும் கடையும் பயன்படுத்திய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெயில் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்கள் கணக்கும் வைத்திருக்க வேண்டும். பயோடீசல் தயாரிக்க இந்த எண்ணெயை விலைகொடுத்தே எடுக்கும் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவர்களைப் பற்றிக் கேட்கலாம்.

கோழிக்கடை வைப்பவர்கள்தான் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டியவர்கள். சாலையோரத்திலும் கால்வாயிலும் இரவில் எறியப்படும் இறகும் குடலும் இந்த மாவட்டத்தின் தீராத புகார். அதைத் தின்னத் திரளும் தெருநாய்கள் அடுத்த புகார். கடைக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும் முன்பே, கழிவை நாள்தோறும் எடுத்து முறையாகப் பதப்படுத்துகிறவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். வண்டி வராத நாளுக்கென்று மூடியுள்ள பீப்பாயும், முடிந்தால் உறைபெட்டியும் வைத்திருங்கள். எடுத்துச் செல்கிறவர் அதைப் பன்றிப் பண்ணையில் கொட்டுகிறாரா என்பதையும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

மருத்துவமனை, பல் மருத்துவமனை, ரத்தப் பரிசோதனை நிலையம் ஆகியவை எவ்வளவு சிறியவையாயினும் உயிரி மருத்துவக் கழிவு விதிகளுக்கு உட்பட்டவை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற நான்கு வகைகளாகப் பிரித்து, பதப்படுத்தாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காமல், அங்கீகாரம் பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டியில் கொடுக்க வேண்டும். வாகனப் பட்டறைகள் கழிவு எஞ்சின் எண்ணெயை அங்கீகாரம் பெற்றவரிடம் மட்டும் விற்க வேண்டும். இவை தொடர்பான அனுமதிகளுக்கு நாகர்கோவிலில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தை அணுகலாம்.

எந்தத் தொழிலானாலும், கழிவை எடுத்துச் சென்றவர் பெயர், நாள், எடை, வண்டி எண் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, ரசீதுகளை அதிலேயே ஒட்டிவையுங்கள். அதிகாரி ஆய்வுக்கு வந்தாலும் பக்கத்துக் கடைக்காரர் புகார் கொடுத்தாலும் அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

எப்போது செய்வது

பெரிய அளவில் வீட்டைக் காலி செய்வதற்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான காய்ந்த மாதங்களே ஏற்றவை. மழையில் நனைந்த காகிதத்தையும் அட்டையையும் யாரும் வாங்க மாட்டார்கள். நனைந்த மெத்தையின் எடை இரட்டிப்பாகும். விளைக்குள் வண்டி இறங்கினால் சக்கரம் புதையும். முதலில் ஆவணங்களையும் ஆபத்தானவற்றையும் தனியே எடுத்துப் பூட்டி வையுங்கள், அடுத்து உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுப்பவை, பிறகு மரம் எடுப்பவர், ஆக்கர் கடைக்காரர், அதன்பின் உரக்குழி, வாடகை வண்டி கடைசி நாளில். மிஞ்சியதன் அளவு அப்போதுதான் தெரியுமாகையால், வண்டியின் அளவையும் அதற்கேற்ப அன்று பேசிக்கொள்ளலாம்.

வீடு பூட்டிக் கிடந்த காலத்தில் யாராவது உங்கள் விளையில் குப்பை கொட்டியிருந்தால், அள்ளும் முன் படமெடுத்து, உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, மனு பெற்றதற்கான ரசீதை வாங்கிக்கொண்ட பிறகே அதில் கைவையுங்கள். மதிலும் ஒரு விளக்கும் இல்லாத மூலைமனைகளில் இது திரும்பத் திரும்ப நடக்கும் என்பதால், அடுத்த செலவை வேலிக்குச் செய்வது உத்தமம்.